ரதிதேவியின் பெயரில்லாக் கடற்கரை

ரதிதேவி எந்தக் கடற்கரையில் அலைச்சறுக்கல் பழகினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தேன்.

"உங்களுக்குச் சொன்னால் உங்கட மனிசிக்குத் தெரியும். அவவுக்குத் தெரிஞ்சால் மரகதம் அக்காவுக்குத் தெரியும். பிறகு பேப்பரிலை போடத் தேவையில்லை" என்றார்.

மரகதம் அக்கா என் மனைவியின் கூடப்பிறந்தவர். மனுரேவாவில் ரதிதேவிக்குப் பக்கத்து வீடு. ரதிதேவி சொன்னதில் பிழை பிடிக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ரதிதேவிக்கு ஐம்பத்தொரு வயது. சுன்னாகத்தில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தைச் சுற்றிக் கடல்தான் என்றாலும், இந்த நாட்டுக்கு வரும்வரை கடலோடு அவருக்கு இருந்த தொடர்பு இரண்டே இரண்டு: மீன், ஆடி அமாவாசை. முழங்காலுக்கு மேலே தண்ணீர் ஏறினால் பிள்ளையாரைக் கூப்பிடுகிற ஆள். புக்கெகோஹியில் வெங்காயம் பொதியிடும் ஒரு கொட்டகையில் பத்து வருடமாக வேலை செய்கிறார். பெல்ட்டில் ஓடிவரும் வெங்காயத்தில் அழுகியதையும் முளைத்ததையும் பொறுக்கி எறிய வேண்டும். எறிந்து எறிந்து வலது தோள் இறுகிப்போய்விட்டது.

"கோயிலிலை கும்பிடேக்கை ஒரு கைதான் தலைக்கு மேலை போகும். மற்றக் கை நெஞ்சோடை நிண்டிடும். ஐயர் என்னை ஒரு மாதிரித்தான் பாப்பார்."

டொக்டர் நீந்தச் சொன்னார். நாற்பத்தெட்டு வயதில், பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில், ஊர் நீச்சல் குளத்தில் நீந்தப் பழகினார். முதல் ஆறு மாதம் ஓரக் கம்பியை விட்டதே இல்லை. இரண்டு வருடம் கழித்து, ஒரு நாள், கம்பி இருக்கிறதா என்று பார்க்காமலே அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தார். கையும் தலைக்கு மேலே போயிற்று. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியாமற்போனதற்குக் காரணம் மெரே. அதே கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மாவோரிப் பெண். ரதிதேவியைவிட ஐந்து வயது குறைவு. ஆனாலும் அவரை 'ஆன்ரி' என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் தேநீர் இடைவேளையில் ரதிதேவி தன் தோள் குணமான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மெரே அவருடைய முதுகையும் தோளையும் சந்தையில் மாடு பார்ப்பதுபோல ஒரு சுற்றுப் பார்த்தார். "ஆன்ரி, இது பலகையில் படுத்துக் கையால் தண்ணீரை வலிப்பதற்கென்றே செய்த தோள். இதை வெங்காயத்துக்குக் கொடுத்து வீணாக்குகிறீர்கள்" என்றார்.

தன் உடம்பின் எந்தப் பாகத்தையும் யாரும் அப்படிப் புகழ்ந்து ரதிதேவிக்கு ஞாபகம் இல்லை. அடுத்த சனிக்கிழமையே புறப்பட்டுவிட்டார்.

போகும் வழியில் மெரே வண்டியை நிறுத்தி இரண்டு காரியம் செய்தார். முதலாவது, ரதிதேவியின் போனை வாங்கி அது இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியை நிறுத்தினார். இரண்டாவது, இந்த இடத்தை எவருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் கேட்டார். மேற்குக் கரையில் பெயர்பெற்ற கடற்கரைகளில் சனிக்கிழமை பலகை வைக்கவும் இடமில்லை. இந்த இடம் எட்டே எட்டுப் பேருக்குத் தெரியும். வரைபடத்தில் இதற்குப் பெயர்கூட இல்லை. ஒருவர் வாய் திறந்தால் போதும், அடுத்த வருடம் இங்கே கோப்பிக் கடை வந்துவிடும் என்றார். எதன்மேல் சத்தியம் செய்வது என்று ரதிதேவிக்குத் தெரியவில்லை. கடைசியில் மெரேயின் கையில் ஓங்கி ஓர் அடி அடித்து, "சத்தியம்" என்று தமிழிலேயே சொன்னார். மெரேக்கு அது பிடித்துப்போயிற்று.

ரதிதேவி எனக்குச் சொன்ன மட்டும் சொல்கிறேன். ஒரு பண்ணைக்குள்ளால் போக வேண்டும். பிறகு ஒரு மேட்டில் ஏறி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாக இறங்க வேண்டும். கீழே கறுத்த மணல். ஆள் கிடையாது.

அங்கே ரதிதேவி ஒன்பது மாதம் விழுந்தார். படுத்துத் தண்ணீரை வலிப்பதில் குறையில்லை. மெரே சொன்னது உண்மைதான், வெங்காயம் வளர்த்த தோள். ஆனால் பலகையில் எழும்பி நிற்கப் பார்த்தால் முழங்கால் ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம். முன்னால் விழுந்தார், பின்னால் விழுந்தார், ஒரு தடவை பலகை போன பிறகும் நின்ற நிலையிலேயே தண்ணீருக்குள் இறங்கினார். வீட்டில் இதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. மகள் ராகவி வெலிங்டனில் படிக்கிறாள். கணவர் கேதீஸ்வரனுக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை.

கேதீஸ்வரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு கிடங்கில் வேலை. அங்கே அவர் பாதுகாப்புக் குழு உறுப்பினர். அந்தப் பதவியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். குசினியில் தரை கழுவினால் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை வைக்கும் குடும்பம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இப்படிப்பட்டவர் குளியலறை மூலையில் கறுப்பாக ஏதோ கிடப்பதைக் கண்டால் விடுவாரா?

"ரதி, இது என்ன, எள்ளோ?"

"ஓம், எள்ளுத்தான்."

குளியலறைக்குள் எள்ளு ஏன் வந்தது என்று அவர் கேட்கவில்லை. சனீஸ்வரனுக்கு ஏதோ நேர்த்தி என்று நினைத்துக்கொண்டார். சனிக்கிழமைகளில்தான் அது கிடந்தது என்பதும் பொருந்திவந்தது.

உண்மை வெளிப்பட்டது கராஜில். ரதிதேவி பழைய வெட்சூட் ஒன்று வாங்கியிருந்தார். உடம்போடு ஒட்டிப் பிடிக்கும் கறுத்த ரப்பர் உடுப்பு. உள்ளே நுழையப் பத்து நிமிடம், வெளியே வரப் பதினைந்து நிமிடம். அதை வெளியே கொடியில் காயப்போட்டால் மரகதம் அக்கா காண்பார். அதனால் கராஜுக்குள், கூரை வளையிலே கொழுவி, மேலே தலையுறையையும் கீழே ரப்பர்ச் சப்பாத்தையும் வைத்து ஒழுங்காகக் காயப்போடுவார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கேதீஸ்வரன் நேரத்தோடு வீட்டுக்கு வந்து, சாமான் ஒன்று எடுக்கக் கராஜுக்குள் போனார். பல்பு எரியவில்லை. போனவர் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து, கதவை மெல்லச் சாத்திவிட்டுக் குசினிக்கு வந்தார்.

"ரதி, சத்தம் போடாதையும். கராஜுக்குள்ளை ஒருத்தன் நிக்கிறான்."

"ஆர்?"

"தெரியேல்லை. கறுத்த உடுப்பு. நான் ஹலோ எண்டனான். கதைக்காமல் நிக்கிறான்."

ரதிதேவி அகப்பையைக் கீழே வைத்தார். "அது நான்தான்" என்றார்.

விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் ஆயிற்று. கேதீஸ்வரன் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "அப்ப அந்த எள்ளு?" என்றார்.

"மணல்."

இதற்குப் பிறகுதான் உண்மையான பிரச்சினை. எந்தக் கடற்கரை என்று அவர் கேட்டார். சொல்ல முடியாது என்று ரதிதேவி சொன்னார்.

"எனக்குமோ? கலியாணம் கட்டி இருபத்தேழு வருசம்."

"என்ர போன், என்ர சம்பளம், என்ர பாஸ்வேர்ட் எல்லாம் உங்களுக்குத் தெரியும். இது என்ர இல்லை, மெரேயின்ரை. மற்ற ஆக்களின்ர சாமானை நான் எப்பிடி எடுத்துக் குடுக்கிறது?"

"சரி, ஏதும் நடந்தால் நான் பொலிசுக்கு என்னத்தைச் சொல்ல? மேற்காலை ஒரு கடல் இருக்கு, அதுக்குள்ளை என்ர மனிசி நிக்கிறா எண்டோ?"

அதில் நியாயம் இருந்தது. ரதிதேவி மெரேயிடம் கேட்டார். மெரே இரண்டு நாள் யோசித்து ஒரு வழி சொன்னார். இடத்தை ஒரு தாளில் எழுதி, உறையில் இட்டு ஒட்டிக் கேதீஸ்வரனிடம் கொடுப்பது. சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குள் ரதிதேவி வீடு திரும்பாவிட்டால் மட்டும் அவர் அதைத் திறக்கலாம். உறை பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைக்கப்பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றரை மணிக்கே கேதீஸ்வரன் சாமியறையில் போய் இருந்துவிடுவார். பிள்ளையாரைப் பார்க்கிறாரா உறையைப் பார்க்கிறாரா என்பது பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசியது. அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, கோடு கீறினாற்போல வந்துகொண்டிருந்தன என்று ரதிதேவி சொல்கிறார். பதினொரு மணியளவில் ஓர் அலையை வலித்துப் பிடித்தார். வழக்கம்போல எழும்பினார். வழக்கமாக வரும் விழுகை அன்று வரவில்லை.

"கீழை குனிஞ்சு பாத்தன். ரெண்டு காலும் பலகையிலை நிக்குது. ஆரின்ரையோ கால் மாதிரி இருந்தது."

நான்கு செக்கன். பிறகு விழுந்தார். எழும்பி வந்து, "இன்னும் ஒண்டு" என்றார். அதன் பிறகு பன்னிரண்டு தடவை 'இன்னும் ஒண்டு' சொன்னார். தண்ணீருக்குள் மணிக்கூடு இல்லை. மெரேயும் ஞாபகப்படுத்தவில்லை, ஒன்பது மாதம் விழுந்த மனுசி நிற்கிறபோது நேரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றாராம். அவர்கள் வண்டியில் ஏறியபோது ஒன்று நாற்பது. வீட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலே ஓட்டம். அங்கே சிக்னல் கிடையாதென்று ரதிதேவி போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

சரியாக இரண்டு மணி ஒரு நிமிடத்துக்குக் கேதீஸ்வரன் உறையைக் கிழித்தார். இரண்டு நான்குக்குப் பொலிசுக்கு எடுத்தார். எவ்வளவு நேரம் பிந்திவிட்டார் என்று கேட்டார்கள். நான்கு நிமிடம் என்றார். அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு மறுபடியும் எடுங்கள் என்று பண்பாகச் சொன்னார்கள். அவர் போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

பக்கத்து வீட்டில் அன்று மரகதம் அக்காவின் பேரனுக்கு முதலாவது பிறந்தநாள். நாங்கள் லின்ஃபீல்டிலிருந்து வந்திருந்தோம். கேதீஸ்வரன் தாளும் கையுமாக வாசலில் நின்று, "ரதி கடலுக்கை போயிட்டா" என்றார். வேறுமாதிரிச் சொல்லியிருக்கலாம். அதற்குள் மூன்று பேர் அழத் தொடங்கிவிட்டார்கள். அவர் மீதியை விளக்கி முடித்தபோது மரகதம் அக்கா காலில் சப்பாத்தோடு நின்றார்.

"பொலிஸ் வருமட்டும் பாத்துக்கொண்டிருக்கிறதோ? எல்லாரும் எழும்புங்கோ."

எங்கள் ஆட்களின் நிகழ்ச்சி எதுவும் ஒரு மணித்தியாலம் பிந்தாமல் தொடங்கி நான் கண்டதில்லை. அன்று பத்து நிமிடத்தில் ஆறு கார் புறப்பட்டது. றோல்ஸ், கட்லட் தட்டுகளை மரகதம் அக்கா டிக்கியில் ஏற்றினார். தேடப் போகிற இடத்தில் எவ்வளவு நேரம் ஆகுமோ, பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்றார். கேக்கையும் தனியே விட்டுவர அவருக்கு மனம் வரவில்லை. வழிகாட்டும் பொறுப்பை ரங்கநாதன் ஏற்றார். தமிழ்நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற நில அளவையாளர்.

"முப்பது வருஷம் சர்வேயரா இருந்தவன்ங்க நான். அந்தப் பேப்பரக் குடுங்க. எல்லாரும் லைட்டப் போட்டுக்கிட்டு என் பின்னாடியே வாங்க" என்றார்.

அவர் சொன்னபடியே பட்டப்பகலில் விளக்கை எரியவிட்டுக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, மெல்லப் போனோம். இங்கே சவ ஊர்வலம்தான் அப்படிப் போகும். புக்கெகோஹிக்கு இந்தப் பக்கம், எதிரே ஒரு பழைய யூட் வண்டி வந்தது. எங்களைக் கண்டதும் மரியாதையாக வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்தவர்கள் ரதிதேவியும் மெரேயும். விளக்கெரிய ஆறு கார் வருவதைக் கண்டு, "ஆரோ பாவம், செத்த வீடு" என்று ரதிதேவி நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். அதனால்தான் எங்களை அடையாளம் காணவில்லை. நாங்களும் காணவில்லை. தேடுபவர்களும் தேடப்பட்டவரும் இரண்டு மீற்றர் இடைவெளியில் ஒருவரையொருவர் கடந்துபோனோம்.

தாளில் தெருவின் பெயர் இருந்தது. அதன் கீழே ரதிதேவியின் கையெழுத்தில் இவ்வளவுதான்: "மூன்றாவது கேற். மூடவும். கறுத்த மாடு படுத்திருக்கும். அதுக்கு இடப்பக்கம்."

மூன்றாவது கேற்றைக் கண்டுபிடித்தோம். கடைசிக் கார் என்னுடையது. நான் இறங்கி மூடினேன். உள்ளே பச்சைப் புல்வெளி, ஏறி இறங்கிக் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. அதில் ஏறக்குறைய எண்பது மாடுகள். எல்லாம் கறுப்பு. எல்லாம் நின்றன.

ரங்கநாதன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாட்ட வச்சு எவனாச்சும் மேப் போடுவானா?" என்றார். முப்பது வருட அனுபவத்தில் அவருடைய எல்லைக்கல் எதுவும் எழும்பி நடந்ததில்லை.

அவர் ஒரு திசையைத் தெரிந்தெடுத்தார். முந்தின நாள் பெய்த மழையில் நிலம் சேறாகிக் கிடந்தது. முதல் கார் புதைந்தது. அதைத் தள்ளப் போன இரண்டாவதும் புதைந்தது. பிள்ளைகள் பசி என்றார்கள். மரகதம் அக்கா டிக்கியைத் திறந்தார்.

கேதீஸ்வரன் மட்டும் சாப்பிடவில்லை. கிடங்கில் போடும் மஞ்சள் மேற்சட்டையோடு வந்திருந்தார். சேற்றுக்குள் நின்று நாலு திசைக்கும் "ரதி, ரதி" என்று கூப்பிட்டார். மாடுகள் ஒவ்வொன்றாக வந்து அவரைச் சுற்றி நின்றன. அவர் அழுதுகொண்டிருந்தார் என்பதை நான் கிட்டப் போன பிறகுதான் கண்டேன்.

ரதிதேவி வீடு வந்தபோது பூட்டப்படாத கதவும் கிழிந்த உறையும் கிடந்தன. பக்கத்து வீட்டில் பலூன் இருந்தது, ஆளில்லை. போனை எடுத்தார்; ஒருவருக்கும் சிக்னல் இல்லை. அப்போதுதான் வழியில் கண்ட செத்த வீடு யாருடையது என்று அவருக்கு உறைத்தது. தலைகூடத் துவட்டாமல் தன் காரை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

அவர் கார் கேற்றைத் தாண்டி வருவதை முதலில் கண்டது கேதீஸ்வரன். சேற்றுக்குள்ளால் அவருக்கு ஓட முடியவில்லை; ஒரு சப்பாத்து அங்கேயே நின்றுவிட்டது. கிட்ட வந்ததும் மனைவியைப் பிடித்து மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு மணி எண்டெல்லே கதை" என்றார்.

"எழும்பி நிண்டனான்" என்றார் ரதிதேவி. "நாலு செக்கன்."

கேதீஸ்வரனுக்கு அது விளங்கியதோ தெரியாது. தலையை ஆட்டினார்.

இதற்குள் பண்ணைக்காரரும் வந்துவிட்டார். கொலின் என்று பெயர். நாலு சில்லு பைக்கில் நாயோடு வந்து இறங்கி, சேற்றில் புதைந்த கார்களையும், சேலை கட்டிய பெண்களையும், பொனெட்டின்மேல் இருந்த கேக்கையும் நிதானமாகப் பார்த்தார். "கேற்றை மூடினீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். நான்தான் மூடினேன் என்றேன். நல்லது என்றார். மரகதம் அக்கா அவர் கையில் இரண்டு றோல்ஸை வைத்தார்.

எல்லோரும் சிரித்துப் பேசி, பயம் தெளிந்து, கொஞ்சம் அமைதியான நேரம் அது. காற்றும் திரும்பியிருக்க வேண்டும். மரகதம் அக்கா தலையைச் சரித்தார்.

"அது என்ன சத்தம்? ஹோ எண்டு இரையுது. மேட்டுக்கு அந்தப் பக்கமாய்."

எனக்கும் கேட்டது. ஆழமான, விட்டுவிட்டு வரும் இரைச்சல்.

ரதிதேவி கண் இமைக்கவில்லை. "மோட்டர்வே. கடல் இந்தப் பக்கமில்லை, நீங்கள் பிழையான கேற்றாலை வந்திட்டியள்" என்றார்.

ரங்கநாதன் வாயைத் திறந்தார். முப்பது வருட சர்வேயர். மோட்டர்வே எங்கே இருக்கிறது, நாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். அவர் சொல்லத் தொடங்குமுன்னே கேதீஸ்வரன் பேசினார். ஒற்றைச் சப்பாத்தோடு நின்றவர், மனைவியின் ஈரத் தலையைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார்.

"ஓம். மோட்டர்வேதான்" என்றார். "காத்து இந்தப் பக்கம் அடிக்குது. அதுதான் கேக்குது."

மரகதம் அக்கா கொலினிடம் ஆங்கிலத்தில் கேட்டார். கொலின் றோலைக் கடித்து, மென்று, விழுங்கினார்.

"சனிக்கிழமைகளில் மோசம்" என்றார். "லொறி அதிகம்."

பிறகு டிராக்டரைக் கொண்டுவந்து இரண்டு கார்களையும் இழுத்துவிட்டார். கேக்கை அங்கேயே வெட்டினோம். பேரன் காருக்குள் நித்திரை. அவனுக்குப் பதில் மரகதம் அக்கா மெழுகுதிரியை ஊதினார்.

அந்த மோட்டர்வே எது என்று எனக்குப் பல மாதம் கழித்துத்தான் புரிந்தது. ரதிதேவியே, இந்தக் கதையைச் சொல்லுகிறபோது, சிரிப்பை அடக்க முடியாமல் சொல்லிவிட்டார். மரகதம் அக்கா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். தெருப் பெயர் ஞாபகம் இல்லையா என்று கேட்பீர்கள். நான் கடைசிக் காரில், முன்னால் போன விளக்கைப் பார்த்துக்கொண்டே போனவன்; தாளை ரங்கநாதனிடமிருந்து கேதீஸ்வரன் வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். ரங்கநாதனைக் கேட்டால், தன் தொழில் வாழ்க்கையில் அந்த ஒரு நாளைப் பற்றிப் பேச விரும்பவில்லை என்கிறார்.

திங்கட்கிழமை ரதிதேவி கொட்டகையில் நடந்ததையெல்லாம் மெரேயிடம் சொன்னார். கோபிப்பார் என்று பயந்துகொண்டுதான் சொன்னார். மெரே ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, உங்கள் புருசன் அப்படியா சொன்னார் என்று இன்னொரு தடவை கேட்டார். அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை கேதீஸ்வரன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். கயிற்றில் இறங்க இருபது நிமிடம் எடுத்தார். முதலில் கயிற்றின் முடிச்சை மூன்று தடவை பரிசோதித்தார். கீழே வந்ததும், தண்ணீரிலிருந்து ஐம்பது மீற்றர் தள்ளி, மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். தேநீர்க் குடுவையைப் பக்கத்தில் வைத்தார். போர்வையால் காலை மூடினார். அன்று முழுக்க ரதிதேவியை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்பது அவருடைய தீர்மானம்.

அன்று ரதிதேவி பிடித்த ஓர் அலை அவரைக் கரை மட்டும் கொண்டுவந்தது. முழங்கால் மடித்து, கை இரண்டும் விரித்து, விழாமல், தண்ணீர் கணுக்காலளவு ஆகும்வரை நின்றார். கரையில் இறங்கிப் பலகையைத் தூக்கிக்கொண்டு நேரே கணவரிடம் நடந்துவந்தார்.

"பாத்தனீங்களே?"

கேதீஸ்வரன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தன், பாத்தன். ஒண்டும் விடேல்லை."

"எவ்வளவு நேரம் நிண்டிருப்பன்?"

அவர் யோசித்தார். "ஒரு பதினொரு செக்கன் வரும்."

அவருடைய இடது கன்னம் முழுக்க, காதுவரை, கறுத்த மணல் ஒட்டிக்கிடந்தது. வலது கன்னம் சுத்தமாக இருந்தது. மணலில் சாய்ந்து கிடந்த அந்தக் கன்னத்தை ரதிதேவி ஒரு தடவை பார்த்தார். பலகையைக் கீழே வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்து, குடுவை மூடியில் தேநீரை ஊற்றி, அவருக்கு முதலில் நீட்டினார்.